ராம்ப்ளிங் குரூப்போட வயக்காட்டுல நடக்கப் போறீங்களா? எல்லாரும் கேக்குற கேள்விகளும் என் பதில்களும்

நான் தெற்கு லண்டன்ல இருக்கேன். ராம்ப்ளர்ஸ்ங்கிற நடைச் சங்கத்தோட உள்ளூர் குரூப் ஒண்ணுல 9 வருஷமா நடக்கிறேன், கடைசி 4 வருஷமா மாசம் ஒரு வாக் நானே லீட் பண்றேன். கோயில்ல, ஸ்கூல் வாசல்ல, கல்யாண வீட்டுலன்னு எங்க பாத்தாலும் நம்ம ஆளுங்க இதைப் பத்திக் கேப்பாங்க, கேட்டுட்டு "எங்களுக்கெல்லாம் சரிப்பட்டு வருமான்னு தெரியல"ன்னு முடிச்சிடுவாங்க. சரிப்பட்டு வரும். அதுக்குத்தான் இதை உக்காந்து எழுதுறேன்.

ராம்ப்ளிங்னா என்ன அக்கா? பார்க்ல வாக்கிங் போறது மாதிரிதானே?

கால் ரெண்டுக்கும் ஒரே வேலைதான், ஆனா இடம் வேற. ஊருக்கு வெளிய, வயல், காடு, மேடு, ஆத்தங்கரைன்னு 5 மைல், 8 மைல், 12 மைல் கூட்டமா நடக்குறது. ஒரு ஸ்டேஷன்லயோ கார் பார்க்லயோ காலைல கூடுவோம், வாக் லீடர் முன்னாடி போவார், நடுவுல ஒரு டீ பிரேக், மதியம் எங்கயாவது உக்காந்து சாப்பாடு, சாயங்காலம் திரும்ப அதே இடம் இல்லைன்னா வேற ஸ்டேஷன். ரேஸ் கிடையாது, யாரும் டைம் பாக்க மாட்டாங்க. பேசிக்கிட்டே நடக்குறதுதான் பாதி விஷயம்.

அடுத்தவங்க வயல் நடுவுல எப்படி நடக்குறது? யாராவது விரட்டினா?

இந்தக் கேள்விக்குத்தான் நான் ரொம்ப நேரம் பதில் சொல்லுவேன், ஏன்னா இது புரிஞ்சா மத்த பயம் பாதி போயிடும்.

இங்கிலாந்துலயும் வேல்ஸ்லயும் பப்ளிக் ஃபுட்பாத்னு போர்டு இருந்தா அது ரோடு மாதிரிதான். நிலம் விவசாயியோடது, நடக்குற உரிமை நம்மளோடது. யார்கிட்டயும் பர்மிஷன் கேக்க வேணாம், நீங்க எந்த நாட்டு பாஸ்போர்ட் வச்சிருக்கீங்கன்னும் யாரும் கேக்க முடியாது. இப்படி கிட்டத்தட்ட 1,40,000 மைல் பாதை பதிவாகி இருக்கு. பல பாதை, ஒரு ஊர்ல இருந்து சர்ச்சுக்கும் சந்தைக்கும் மில்லுக்கும் ஜனங்க நடந்து நடந்து விழுந்த தடம்தான், நம்ம ஊர் ஒத்தையடிப் பாதை மாதிரி.

இது சும்மா கிடைக்கல. 100 வருஷத்துக்கு முன்னாடி மான்செஸ்டர், ஷெஃபீல்டு மில்லுல வேலை பாத்தவங்களுக்கு ஞாயித்துக்கிழமை ஒரு நாள்தான் நல்ல காத்து, ஆனா பக்கத்துல இருந்த மேட்டு நிலமெல்லாம் பணக்காரங்க பறவை சுடுறதுக்குன்னு பூட்டி வச்சிருந்தாங்க. 1932 ஏப்ரல் 24 அன்னிக்கு பென்னி ராத்மன்னு 20 வயசுப் பையன் முன்னாடி போக, சில நூறு பேர் ஹேஃபீல்டுல இருந்து கிண்டர் ஸ்கவுட் மேட்டுக்கு வேணும்னே அத்துமீறி நடந்தாங்க. காவக்காரங்களோட கைகலப்பு, 5 பேருக்கு ஜெயில். 1935-ல ராம்ப்ளர்ஸ் சங்கம் வந்துச்சு. 1949 சட்டத்துலதான் எல்லாப் பாதையையும் மேப்ல அதிகாரப்பூர்வமா குறிக்கணும்னு ஆச்சு, தேசியப் பூங்காவும் அந்தச் சட்டத்துல வந்ததுதான், 1951-ல முதல் பூங்கா அந்த கிண்டர் ஸ்கவுட் இருக்குற பீக் டிஸ்ட்ரிக்ட்டே. 2000-ல இன்னொரு சட்டம் வந்து, மலை, மூர், ஹீத்னு சொல்ற புதர் மண்டின வெளி மாதிரி மேப்ல குறிச்ச திறந்தவெளி நிலத்துல பாதையை விட்டு விலகியும் நடக்கலாம்னு ஆச்சு. 2002-ல, அந்த மேட்டை அப்போ வச்சிருந்த டெவன்ஷயர் டியூக் குடும்பத்து வாரிசு 70-ஆம் வருஷ விழாவுக்கு வந்து, தாத்தா பண்ணது தப்புன்னு எல்லார் முன்னாடியும் மன்னிப்பு கேட்டார். ஸ்காட்லாந்துல 2003 சட்டப்படி உரிமை இன்னும் விரிவு.

அதனால கேட் கிட்ட தயங்கி நிக்காதீங்க. நான் முதல் வருஷம் முழுக்க, யாரோ வீட்டுக் கொல்லைக்குள்ள நுழையுற மாதிரி ஒடுங்கி ஒடுங்கித்தான் நடந்தேன். கூட வந்த ஒரு பெரியவர் "இந்தப் பாதை நீ நடந்தாதான் இருக்கும், நடக்கலைன்னா முள்ளு மூடிடும்"னு சொன்னார். அதுக்கப்புறம் நிமிர்ந்து நடக்குறேன்.

பாதை எதுன்னு எப்படித் தெரியும்?

கம்பத்துல, கேட்ல சின்ன வட்டமா அம்புக்குறி இருக்கும். மஞ்சள் அம்புன்னா நடக்குறவங்களுக்கு மட்டும், நீலம்னா பிரைடில்வே, அதுல சைக்கிளும் குதிரையும் வரும், பாத்து நடங்க. ஏகார்ன், அதான் ஓக் மரத்துக் கொட்டை, படம் போட்டிருந்தா நேஷனல் டிரெயில், நார்த் டவுன்ஸ் வே, சவுத் டவுன்ஸ் வே மாதிரி பெரிய பாதை.

மேப் வாங்குறதா இருந்தா ஆர்டனன்ஸ் சர்வேங்கிற அரசு மேப் நிறுவனம் போடுற ஆரஞ்சு அட்டை எக்ஸ்ப்ளோரர் வாங்குங்க, பிங்க் அட்டை வேணாம். ஆரஞ்சுல 4 செ.மீ. ஒரு கிலோமீட்டர், வயல் வேலி கூடத் தெரியும், ஃபுட்பாத் விட்டு விட்டுப் போட்ட பச்சைக் கோடா இருக்கும். சர்ரேல பாக்ஸ் ஹில் குன்றுப் பக்கம் போறவங்களுக்கு 146-ஆம் நம்பர். பேப்பர் மேப்போட போன்ல இறக்கிக்கிற கோடும் உள்ளயே இருக்கும். ரெண்டும் வச்சுக்கோங்க, குளிர்ல போன் பேட்டரி திடீர்னு விழுந்துடும்.

சேர எவ்வளவு? உடனே மெம்பர் ஆகணுமா?

வேணாம். ராம்ப்ளர்ஸ் குரூப்ல மெம்பர் ஆகாமலே 3 வாக் வரைக்கும் சும்மா வந்து பாக்கலாம். பிடிச்சா வருஷ சந்தா கட்டுங்க, ஒரு குரூப்ல சேந்தா நாட்டுல இருக்குற எந்த குரூப்போடயும் நடக்கலாம், லேக் டிஸ்ட்ரிக்ட்டுக்கு லீவு போனா அங்க உள்ளவங்களோடயும் போலாம். வாக் லீடர் எல்லாரும் வாலண்டியர், யாருக்கும் சம்பளம் கிடையாது.

ரயில் டிக்கெட் விஷயத்துல ஒண்ணு சொல்லணும், 3 பேர்ல இருந்து 9 பேர் வரைக்கும் சேந்து போனா குரூப்சேவ்னு ஒண்ணு இருக்கு, ஆஃப் பீக், அதாவது கூட்ட நேரம் இல்லாத டிக்கெட்ல மூணுல ஒரு பங்கு குறையும், எல்லா கம்பெனிலயும் இல்ல, லண்டன் தெற்குப் பக்க ரயில்கள்ல இருக்கு. ஸ்டேஷன்ல யாரெல்லாம் அதே வண்டின்னு பாத்து சேந்து வாங்கிக்குவோம்.

முதல் தடவை எந்த வாக்குக்கு வரணும்?

லிஸ்ட்ல ஈஸி, லெஷர்லி, மாடரேட், ஸ்ட்ரெனுவஸ்னு போட்டிருக்கும். முதல் தடவை 5 அல்லது 6 மைல் லெஷர்லி, அதாவது நிதானமா நடக்குறது, எடுங்க. தூரத்தை மட்டும் பாத்து ஏமாந்துடாதீங்க, ஏத்தம் எவ்வளவுன்னு பாருங்க. நெய்ஸ்மித்னு ஒரு ஸ்காட்லாந்துக்காரர் 1892-ல சொன்ன கணக்கு இன்னும் ஓடுது, 3 மைலுக்கு 1 மணி நேரம், அதோட 2,000 அடி ஏத்தத்துக்கு இன்னொரு 1 மணி நேரம். அது தனியா நடக்குற நல்ல திடமான ஆளோட கணக்கு. எங்க கூட்டத்துக்கு டீ, கேட், போட்டோ எல்லாம் சேத்து மணிக்கு 2 மைல்னு வச்சுக்குவேன்.

நம்ம ஆளுங்களை நான் முதல்ல கூட்டிட்டுப் போறது பாக்ஸ் ஹில். வாட்டர்லூ, விக்டோரியா ரெண்டுல இருந்தும் ரயில், இறங்கி கொஞ்ச தூரத்துல மோல் ஆறு, ஆத்துக்கு நடுவுல கல்லு கல்லா வச்சிருப்பாங்க, அது மேல கால் வச்சுத் தாண்டணும். பக்கத்துலயே நடைபாலமும் இருக்கு, பயமா இருந்தா அது வழியா வாங்க, மழை பெஞ்சு கல்லு முங்கினா எல்லாருக்கும் அதுதான் வழி. அப்புறம் படி ஏறணும், மூச்சு வாங்கும், மேல போனா தெற்க ஒரே பச்சையா விரிஞ்சு கிடக்கும்.

நான் ரொம்ப மெதுவா நடப்பேன், எல்லாரையும் காக்க வைக்கணுமேன்னு இருக்கு.

நல்ல குரூப்னா என்னன்னு இதுலதான் தெரியும். லீடர் முன்னாடி, கடைசில பேக் மார்க்கர்னு ஒருத்தர். அவருக்குப் பின்னாடி யாரும் இருக்கக் கூடாது, அதுதான் அவர் வேலை. நான் கிளம்பும்போது தலை எண்ணுவேன், ரோடு தாண்டினா எண்ணுவேன், காட்டுக்குள்ள போய் வெளிய வந்தா எண்ணுவேன். பாதை பிரியிற இடத்துல கடைசி ஆள் வர்ற வரைக்கும் நிப்போம்.

ஒரு விஷயம் நான் லீடர் ஆனப்புறம் கத்துக்கிட்டேன். மெதுவா வர்றவங்க வந்து சேந்த உடனே "சரி கிளம்பலாம்"னு கிளம்பிடக் கூடாது. முன்னாடி வந்தவங்க 5 நிமிஷம் உக்காந்துட்டாங்க, பின்னாடி வந்தவங்களுக்கு மட்டும் ஓய்வே இல்லாம போயிடும், இன்னும் களைப்பாவாங்க, இன்னும் மெதுவாவாங்க. அவங்க தண்ணி குடிச்சு, மூச்சு சீராகி, அவங்களே பையைத் தூக்குனதுக்கப்புறம்தான் நான் எழுந்திருப்பேன். உங்க லீடர் இதைச் செய்யலைன்னா கூச்சப்படாம கேளுங்க, "2 நிமிஷம் வேணும்"னு. கேக்குறது தப்பே இல்ல.

ஸ்போர்ட்ஸ் ஷூ போதாதா? பூட்ஸ் 100 பவுண்டுக்கு மேல சொல்றாங்களே.

கோடைல, காஞ்ச பாதைல போதும். அக்டோபர்ல இருந்து ஏப்ரல் வரைக்கும் போதாது. சர்ரே, கென்ட் பக்கம் தாழ்வான இடமெல்லாம் களிமண், மழை பெஞ்சா ஒவ்வொரு அடிக்கும் கால்ல அரைக் கிலோ மண் ஒட்டும். என் முதல் வாக் நவம்பர்ல, நல்லா இருக்கேன்னு வெள்ளை ஸ்போர்ட்ஸ் ஷூ போட்டுட்டுப் போனேன், ஒரு கேட் வாசல்ல மாடு மிதிச்சு மிதிச்சு சேறா இருந்துச்சு, வலது காலை எடுத்தேன், கால் வந்துச்சு, ஷூ வரல. சாக்ஸோட நிக்கிறேன், பின்னாடி வந்த ஒரு அம்மா எதுவும் பேசாம என் முழங்கையைப் பிடிச்சுக்கிட்டாங்க, இன்னொருத்தர் குனிஞ்சு கையை விட்டு ஷூவை இழுத்து எடுத்து, உள்ள இருந்த தண்ணியைக் கவுத்துட்டு குடுத்தார். பைக்குள்ள இருந்து ஒரு ஜோடி காஞ்ச சாக்ஸ் வேற வந்துச்சு. அன்னிலேர்ந்து என் பைல எப்பவும் ரெண்டு ஜோடி இருக்கும், ஒண்ணு எனக்கு, ஒண்ணு முதல் தடவை வர்றவங்களுக்கு.

பூட்ஸ் வாங்கும்போது கணுக்காலை மூடுற மாதிரி, தண்ணி போகாத மாதிரி, அடில நல்ல பல்லு இருக்குற மாதிரி வாங்குங்க. சாயங்காலம் போய் வாங்குங்க, கால் கொஞ்சம் வீங்கி இருக்கும், தடி சாக்ஸ் போட்டுப் பாருங்க, இறங்கும்போது விரல் முன்னாடி இடிக்கக் கூடாது. ஜீன்ஸ் வேணவே வேணாம், நனைஞ்சா காயாது, குளிர் எலும்புக்குள்ள போகும். காட்டன் பனியனும் அப்படித்தான். உள்ள சீக்கிரம் காயுற துணி, மேல ஃப்ளீஸ், அதுக்கு மேல மழைக் கோட்டு. ஏறும்போது கழட்டணும், நிக்கும்போது போடணும், இது மட்டும் பழகிட்டா இந்த ஊர் குளிர் ஒண்ணுமே இல்ல.

சாப்பாடு?

கையில கொண்டு வாங்க. புளியோதரை, சப்பாத்தி ரோல், பொடி தடவுன இட்லி, எல்லாம் நான் கொண்டு போயிருக்கேன், யாரும் மூஞ்சி சுளிக்கல, இப்ப எங்க குரூப்ல நான் வந்தா புளியோதரை இருக்கான்னு கேக்குற ஆளே 4 பேர் இருக்காங்க. ஃபிளாஸ்க்ல டீ. ஒரு லிட்டர் தண்ணி. உக்கார ஒரு பிளாஸ்டிக் ஷீட், புல்லு எப்பவும் ஈரம். வாக் முடிஞ்சு பப்புக்குப் போவாங்க, நீங்க குடிக்கலைன்னா ஆரஞ்சு ஜூஸோ காபியோ வாங்கி உக்காரலாம், யாரும் எதுவும் சொல்ல மாட்டாங்க. உள்ள போறதுக்கு முன்னாடி பூட்ஸை வாசல்லயே கழட்டிடுங்க.

டாய்லெட்?

பெண்கள் எல்லாரும் கேக்குறாங்க, ஆனா யாரும் முதல்ல கேக்குறதில்ல. கிளம்புற ஸ்டேஷன்ல, வழில பப்புல போகலாம். நடுவுல அவசரம்னா புதர் மறைவுதான், பாதையை விட்டு, தண்ணி ஓடுற இடத்தை விட்டு நல்லா தள்ளிப் போங்க, டிஷ்யூவை கவர்ல போட்டு எடுத்துட்டு வந்துடுங்க. பேக் மார்க்கர்கிட்ட சொல்லிட்டுப் போங்க. சொல்லக் கூச்சமா இருந்தா, உங்க பையைப் பாதை ஓரத்துல வச்சுட்டுப் போங்க. பை இருந்தா ஆள் பின்னாடி இருக்குன்னு அர்த்தம், எல்லாருக்கும் தெரியும், தாண்டிப் போக மாட்டாங்க. தண்ணி குடிக்காம வந்துடலாம்னு மட்டும் நினைக்காதீங்க, தலைவலி வந்து நாள் வீணாகும்.

மாடு இருக்குற வயலுக்குள்ளயும் போகணுமா?

போகணும், கவனமாப் போகணும். ஊர்ல மாட்டோட வளந்தவங்களுக்குக் கூட இங்க உள்ள மாடு வேற மாதிரி, மனுஷன் பக்கத்துல பழகாது, மந்தையா நிக்கும். கன்னுக்குட்டி கூட இருந்தா தாய்க்கும் கன்னுக்கும் நடுவுல போகாதீங்க, சுத்திப் போங்க. கூட்டமா நெருங்கி, சத்தம் போடாம, ஓடாம நடங்க. யாராவது நாய் கொண்டு வந்திருந்து மாடு துரத்தினா நாயோட கயித்தை விட்டுடணும், மாடு நாயைத்தான் துரத்தும், நாய் தப்பிச்சுக்கும். கேட் திறந்து இருந்தா திறந்தே விடுங்க, மூடி இருந்தா மூடிட்டு வாங்க, கடைசியா வர்றவர்தான் பொறுப்பு.

பாதையையே உழுது போட்டிருந்தா?

நேரா நடங்க. வயல் குறுக்க போற ஃபுட்பாத்தை விவசாயி உழலாம், ஆனா விதைக்க முதல் தடவை கிளறின 14 நாளுக்குள்ள, அதுக்கப்புறம் கிளறினா 24 மணி நேரத்துக்குள்ள, குறைஞ்சது 1 மீட்டர் அகலத்துக்குப் பாதையைத் திரும்பப் போட்டுக் குடுக்கணும், பயிர் வளந்து மூடவும் கூடாது. அப்படி இல்லைன்னா கவுன்சிலுக்கு எழுதுங்க, மேப்ல இடத்தைக் காட்டுற கிரிட் நம்பரும் போட்டோவும் அனுப்புங்க. நான் எழுதியிருக்கேன், சரி பண்ணியும் இருக்காங்க. விளைஞ்ச கோதுமை நடுவுல நடக்க மனசு வராதுதான், எனக்கும் முதல்ல வரல, பயிரை மிதிக்கிறதான்னு. ஆனா எல்லாரும் ஒதுங்கி ஓரமாப் போனா நாலு வருஷத்துல நடு வழியே மறந்து போயிடும். ஒருத்தர் பின்னாடி ஒருத்தரா ஒரே வரிசைல போங்க, சேதம் குறையும்.

பூச்சி, செடி எதுக்காவது பயப்படணுமா?

நெட்டில்னு ஒரு செடி, நம்ம ஊர் காஞ்சொறி மாதிரி, பட்டா சுருக்குன்னு எரியும், கொஞ்ச நேரத்துல போயிடும். கவனிக்க வேண்டியது டிக், உண்ணி. உயரமான புல்லு, பிரேக்கன்ங்கிற பெரணிச் செடி, மான் நடமாடுற காடு, இங்கெல்லாம் ஒட்டிக்கும். முழுப் பேன்ட் போட்டு சாக்ஸுக்குள்ள சொருகுங்க, வீட்டுக்கு வந்து குளிக்கும்போது முழங்கால் மடிப்பு, இடுப்பு, அக்குள் பாருங்க. ஒட்டியிருந்தா நுனி மெலிசான இடுக்கியால தோலோட ஒட்டிப் பிடிச்சு மெதுவா நேரா இழுங்க, நசுக்காதீங்க. சில வாரத்துக்குள்ள அந்த இடத்தைச் சுத்தி தடிப்பு பரவினாலோ காய்ச்சல் மாதிரி இருந்தாலோ உடனே உங்க குடும்ப டாக்டர், அதான் ஜிபிகிட்ட போய் உண்ணி கடிச்சதைச் சொல்லுங்க. லைம் நோயா இருக்கலாம், சீக்கிரம் ஆன்டிபயாட்டிக் குடுத்தா சரியாகும்.

சுகர் இருக்கு, வரலாமா?

வாங்க, ஆனா இன்சுலினோ சுகரைக் குறைக்கிற மாத்திரையோ எடுக்குறவங்க டாக்டர்கிட்ட கேட்டுட்டு வாங்க. 4 மணி நேரம் நடந்தா சுகர் இறங்கும். பேரீச்சம்பழமும் குளுக்கோஸும் பையோட வெளிப் பாக்கெட்ல வையுங்க, அடில வைக்காதீங்க. என்ன மருந்து எடுக்குறீங்க, யாருக்குப் போன் பண்ணணும்னு ஒரு சீட்டுல எழுதி அதையும் அதே பாக்கெட்ல வச்சுட்டு லீடர்கிட்ட சொல்லிடுங்க.

வழி தவறினா, அடிபட்டா?

கூட்டத்தோட இருந்தா லீடர் பாத்துக்குவார். தெரிஞ்சு வச்சுக்க வேண்டியது: மலைப் பக்கம்னா அவசர நம்பர் 999 போட்டு போலீஸ் கேட்டு, மவுன்டன் ரெஸ்கியூ வேணும்னு சொல்லணும். சிக்னல் இல்லைன்னா விசில், நிமிஷத்துக்கு 6 தடவை ஊதி, 1 நிமிஷம் நிறுத்தி, திரும்ப ஊதணும். பல பைகள்ல நெஞ்சுப் பட்டைலயே விசில் இருக்கும், பாருங்க. டிசம்பர்ல லண்டன்ல 4 மணிக்கு முன்னாடியே சூரியன் மறைஞ்சிடும், டார்ச் இல்லாம வராதீங்க.

எல்லாம் வெள்ளைக்காரப் பெரியவங்களாமே, நம்மள சேத்துக்குவாங்களா?

உண்மையைச் சொல்றேன். பெரும்பாலும் ரிட்டயர் ஆனவங்கதான், பெரும்பாலும் வெள்ளைக்காரங்கதான். முதல் வாக்ல நான் ஒருத்திதான் கறுப்புத் தோல். "எந்த ஊர்"னு 6 பேர் கேட்டாங்க, சில பேர் கேட்ட விதம் பிடிக்கல, ரெண்டு பேர் என் பேரைச் சரியாச் சொல்லணும்னு 3 தடவை கேட்டுக் கத்துக்கிட்டாங்க. ஒரு குரூப் ஒத்து வரலைன்னா பக்கத்து குரூப் பாருங்க, ஒவ்வொண்ணும் ஒவ்வொரு மாதிரி, 20, 30 வயசுக்காரங்களுக்குன்னே தனி குரூப் இருக்கு. பக்கத்துல நடந்தா மூஞ்சி பாத்துப் பேச வேண்டியதில்ல, இங்கிலீஷ் தயங்குறவங்களுக்கு அது பெரிய உதவி, என் இங்கிலீஷ் ஆபீஸ்ல வளந்ததை விட ஏத்தத்துல வளந்தது அதிகம்.

பிளாக்பெர்ரி பறிக்கலாமா?

பாதை ஓரம் தானா முளைச்சதை வீட்டுக்குச் சாப்பிடப் பறிக்கலாம், விக்கக் கூடாது. ஆகஸ்ட் கடைசி நல்ல நேரம். செடியை வேரோட பிடுங்குறது சட்டப்படி தப்பு. ஏப்ரல் கடைசில காடு முழுக்க புளூபெல் பூ நீலமா விரிஞ்சு கிடக்கும்போது போட்டோவுக்காக உள்ள இறங்கி மிதிக்காதீங்க, இலை நசுங்கினா அந்தச் செடி தேற வருஷக்கணக்காகும்.

ஊர்ல இருந்து அப்பா 3 மாசத்துக்கு வந்திருக்கார், 71 வயசு, வீட்டுக்குள்ளயே உக்காந்திருக்கார். கூட்டிட்டு வரலாமா?

கண்டிப்பா. ராம்ப்ளர்ஸ் வெல்பீயிங் வாக்ஸ்னு இருக்கு, 10 நிமிஷத்துல இருந்து 90 நிமிஷம் வரைக்கும்தான், மெம்பர் ஆக வேணாம், காசும் கிடையாது. டிராவல் இன்ஷூரன்ஸ் இருக்கான்னு மட்டும் பாத்துக்கோங்க, சுத்திப் பாக்க வந்தவங்களுக்கு ஆஸ்பத்திரில படுத்தா பில் வரும்.

எங்கப்பாவும் அப்படித்தான் உக்காந்திருந்தார், டிவியும் ஜன்னலும். உசிலம்பட்டிப் பக்கம் 50 வருஷம் விவசாயம் பாத்த மனுஷன். ஒரு மார்ச் மாசம் கூட்டிட்டுப் போனேன். உழுத வயல் ஓரத்துல நின்னுட்டார், குனிஞ்சு ஒரு பிடி மண்ணை எடுத்து உருட்டி, கயிறு மாதிரி திரிச்சுப் பாத்து, "இவ்வளவு களி, இதுல தண்ணி எப்படி வடியும்?"னு கேட்டார். கூட வந்த ஒருத்தர் சின்ன வயசுல பண்ணைல வேலை பாத்தவர், நான் மொழிபெயர்த்ததும் அப்பாவை வேலி ஓரம் கூட்டிட்டுப் போய், மண்ணுக்கு அடில புதைச்ச குழாய் வாய்க்கால்ல வந்து விழுற இடத்தைக் காட்டினார். ரெண்டு பேரும் அங்கயே குத்த வச்சு உக்காந்துட்டாங்க. பேக் மார்க்கர் பக்கத்துல நின்னார், நாங்க எல்லாரும் 10 நிமிஷம் காத்திருந்தோம்.

உங்கப்பாவுக்கு அடி வழுக்காத ஷூவும், கைக்கு ஒரு குச்சியும், காதை மூடுற குல்லாவும் குடுங்க. நான் கேட் கிட்ட நிக்கிறேன்.